பிராண்டை மாற்றும் முன் லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் நிக்கான் டிஎஸ்எல்ஆரும் மூன்று லென்ஸ்களும் உள்ளன. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமரா வாங்க வேண்டும். நிக்கானிலேயே இருக்கலாமா, கேனானுக்கு மாறலாமா? பிராண்ட் பற்று வெறும் பெயர் மோகம் என்கிறார் நண்பர்.

பதில்: பெயர் மோகமும் உண்டுதான். ஆனால் ஒருவரை ஒரே பிராண்டில் பிடித்து வைப்பது பெரும்பாலும் மவுன்ட், அதாவது கேமரா பாடியில் லென்ஸ் பூட்டிக்கொள்ளும் வளையம். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பல பாடிகளைத் தாண்டி உழைக்கும்.

1959-ல் வந்த எஃப் மவுன்டை நிக்கான் தன் டிஎஸ்எல்ஆர்களில் கடைசிவரை கைவிடவில்லை. கேனான் 1987-ல் எஃப்டி மவுன்டை விட்டு ஈஎஃப் மவுன்டுக்குத் தாவியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் ஈஎஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால், இன்று கேனானின் அடாப்டர் (பழைய லென்ஸைப் புது மவுன்டில் பொருத்தும் இடைவளையம்) போட்டால், ஆர்எஃப் என்ற புது மவுன்ட் உள்ள மிரர்லெஸ் பாடியிலும் ஆட்டோஃபோகஸ் நடக்கும். நிக்கானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் இல்லை. பாடியிலுள்ள மோட்டார்தான் ஒரு சிறு தண்டு வழியாக அவற்றைச் சுழற்றும். எஃப் மவுன்ட் லென்ஸை நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. லென்ஸ் மாட்டும், படம் எடுக்கலாம், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும்.

ஆகவே மூன்று லென்ஸ்களையும் கழற்றிப் பாருங்கள். பின்புற உலோக வளையத்தில் ஒரு சிறு துளையும், அதற்குள் திருகுத் தலைபோல் ஒற்றைக் கோடு வெட்டிய தண்டும் தெரிந்தால் அது மோட்டார் இல்லாத லென்ஸ். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். சிக்மா, டாம்ரான் லென்ஸ் என்றால் ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். அடாப்டருடன் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு லென்ஸாவது தேறினால் நிக்கானிலேயே இருங்கள். மூன்றுமே தண்டு வகை என்றால் உங்களைக் கட்டிப்போட எதுவும் இல்லை. பாடி விலையோடு உங்களுக்குத் தேவையான லென்ஸ்களின் விலையையும் கூட்டி இரு பிராண்டையும் ஒப்பிடுங்கள்.

கைப்பழக்கத்தையும் லேசாக நினைக்காதீர்கள். நிக்கானில் ஜூம் வளையம் சுழலும் திசை கேனானுக்கு நேர் எதிர். லென்ஸ் மாட்டும் திசையும் அப்படியே. ஓடும் குழந்தையைப் படமெடுக்கும்போது கை தவறான பக்கம் திருப்பிவிடும், பழக நாளாகும்.

'கேனான் நிறம்', 'நிக்கான் நிறம்' என்ற பேச்சு, கேமராவே நிறம் சேர்த்துத் தரும் ஜேபெக் படத்துக்குத்தான் பெரிதும் பொருந்தும். கேமரா மெருகேற்றாத ரா ஃபைலில் எடுப்பவருக்கு, அதைத் திறக்கும் மென்பொருளின் ப்ரொஃபைலே (நிற அமைப்பே) நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். நிறத்தை நம்பி மாறுவதானால், இரு கேமராவிலும் வைட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஒரே அளவில் நிறுத்தி, ஒரே முகத்தை ஒரே வெளிச்சத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.