ராக் பாடகர்கள் பேண்டை விட்டுட்டு ஒத்தை அக்கவுஸ்டிக் கிட்டாரோட ஆல்பம் போடுறது சோம்பேறித்தனம்தானே? காசு மிச்சம் பிடிக்கிற வேலையா?

கேள்வியப் பாத்ததும் சுருக்குன்னு இருந்துச்சு, அதான் எழுதுதேன்.

பிடிச்ச பாடகர் புது ஆல்பம் போட்டுருக்காருன்னு ஆசையா ஹெட்போனை மாட்டிக்கிட்டு, டிரம்ஸ் இந்தா வரும் அந்தா வரும்னு கடைசிப் பாட்டு வரைக்கும் உக்காந்திருப்பீங்கன்னு நெனைக்கேன். வந்திருக்காது. அந்தக் கடுப்புல கேட்டுட்டீங்க, தப்பில்ல.

நான் பாளையங்கோட்டைக்காரன். பதினாலு வருசமா மெல்லிசைக் குழுல கிட்டார், ஆள் வரலேன்னா பாட்டும் நாந்தான். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, டிசம்பர் ஆனா கேரல் ரவுண்ட்ஸ். பெரிய சங்கீத ஞானம்லாம் கிடையாது, தெரிஞ்சவங்க கமெண்ட்ல வந்து சுருதி பாடம் எடுக்காண்டாம், என் சுருதி எனக்கே தெரியும்.

சோம்பேறித்தனம்னு சொல்லுதவங்க அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 'நெப்ராஸ்கா' ஆல்பத்தோட கதையத் தெரிஞ்சுக்கிடணும். 1982 ஜனவரி, நியூஜெர்சில வாடகை வீட்டு பெட்ரூம்ல உக்காந்து, டியாக் கம்பெனியோட நாலு டிராக் கேசட் மெஷின், ரெண்டு ஷூர் மைக், கிட்டார், மவுத்ஆர்கன் வச்சு பாடிப் பிடிச்சாரு. ஆல்பம்னு நெனச்சுப் பாடல, பேண்டுக்குப் போட்டுக் காட்ட மாதிரிக்குப் பிடிச்சது, டெமோம்பாங்க. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாம பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. அப்புறம் ஸ்டுடியோவுல முழு பேண்டும் உக்காந்து அதே பாட்டுகள வாசிச்சாங்க. பாதிக்கு மேல சரிப்பட்டு வரல, அதையெல்லாம் அப்போ கிடப்புல போட்டுட்டு அந்தப் பாக்கெட் கேசட்டையே ரெக்கார்டாக்கி செப்டம்பர்ல விட்டாங்க. அதுலயும் கேசட் சத்தத்த ரெக்கார்டுக்கு மாத்த ரொம்பப் பாடுபட்டிருக்காங்க. காசு மிச்சம் பிடிக்கவா இவ்வளவு? அதே கேசட்ல இருந்த 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' மட்டும் பேண்டோட சேந்ததும் பிச்சுக்கிட்டு 1984ல அடுத்த ஆல்பத்துக்கே பேராச்சு. அப்போ பேண்ட் கெட்டது, தனி நல்லதுன்னும் இல்ல, எந்தப் பாட்டு எதத் தாங்கும்ங்கதுதான்.

சரி, என் கதைக்கு வாரேன். 2020ல சித்திரைக் கொடையும் இல்ல ஆடிக் கொடையும் இல்ல, கையில பைசா இல்ல. மச்சு ரூம்ல உக்காந்து சொந்தமா அஞ்சு பாட்டு கட்டுனேன். அரிசி டின் மேல செல்போனை நிறுத்தி வச்சு, தெரு அடங்கட்டும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பாடிப் பிடிப்பேன். மொத நாள் கேட்டுப் பாத்தேன் பாருங்க, வெக்கமாப் போச்சு. பல்லவில ஒரு வேகம், சரணத்துல ஒரு ஓட்டம். குழுல இருக்கும்போது கார்டு மாத்திப் பிடிச்சா கீபோர்டு அண்ணாச்சி மூடிருவாரு, மூச்சு வாங்குனா ரிதம் பேட் மூடிரும், பதினாலு வருசமா இதுலதான் நான் ஒளிஞ்சுகிட்டு இருந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கம்பியில விரல் இழுபடுத சத்தம், எச்சில் முழுங்குத சத்தம், ஃபேன் கறகறன்னு சுத்துதது, எல்லாம் கேக்கு.

ரெண்டாவது பாட்டு ஒரு நாள் நல்லா அமைஞ்சு வந்துச்சு, கடைசிச் சரணத்துக்கு முன்னால கீழ இருந்து அம்மா, "ஏலே, மோட்டர் போட்டியா?"ன்னு கேக்கா. அப்படியே பதிவாயிட்டு. மறுபடி பதினோரு தடவ பாடுனேன், ஒண்ணுகூட அதுக்கு ஈடாகல. கடைசில மோட்டரோடயே ஏத்திட்டேன். இருநூறு பேர் கேட்டிருப்பாங்க. ஒரு கமெண்ட்: "பிரதர், டெமோ நல்லாருக்கு, பாட்டு எப்போ வரும்?"

அதான் உங்க கேள்வியப் பாத்ததும் சுருக்குன்னது.

இன்னொண்ணும் சொல்லிருதேன், கேட்டதுக்கு சம்பந்தமில்லதான். எங்க பக்கம் கொடைக் கமிட்டில போய் உக்காந்தா மொதக் கேள்வியே "எத்தன பாக்ஸ் வைப்பீக?"தான். யாரு பாடுதா, என்ன பாடுதா, அதெல்லாம் காப்பி குடிச்சு முடிச்சப்புறம். போன வருசம் ஒரு ஊர்ல சவுண்டு செட்டுக்கு மட்டும் முப்பத்தஞ்சாயிரம், எங்க ஒம்பது பேருக்கும் சேத்து இருபத்திரெண்டு. அதுலயும் "மைனஸ் ஒன் டிராக் போட்டு ரெண்டு பேர் மட்டும் வந்தா என்ன கொறயும்?"னு ஒரு அண்ணாச்சி கேட்டாரு. மைனஸ் ஒன்னா, குரல் இல்லாம மியூசிக் மட்டும் பதிஞ்சு வச்ச டிராக், அதப் போட்டுட்டு மேல பாடுதது. ஒத்தையாப் பாடுததும் மைனஸ் ஒன்ல பாடுததும் ஒண்ணு கிடையாதுன்னு அவருகிட்ட எங்க போய்ச் சொல்ல. சவம், விடுங்க.

பிற்பாடு குழுவோடயும் அந்த மோட்டர் பாட்ட வாசிச்சுப் பாத்தோம். அண்ணாச்சி வயலின் டோன்லாம் போட்டு இழைச்சாரு, அம்மா பேசுன இடத்துல ஒரு புல்லாங்குழல் பிட்டு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. மேடையில ஒரு தடவ பாடுனோம், அதோட சரி.

உங்க பாடகர் நெசமாவே சோம்பேறியாவும் இருக்கலாம், அவர் யாருன்னு நீங்க சொல்லல. ஆனா முடிவு பண்ணுததுக்கு முன்னால நெப்ராஸ்காவ ஒரு தடவ ராத்திரி கேட்டுப் பாருங்க. பஸ்ல போம்போது கேக்காதீங்க, ஒண்ணும் விளங்காது. வீட்ல எல்லாரும் படுத்தப்புறம், மோட்டர் ஆஃப் ஆயிருக்கான்னு பாத்துட்டு.