வாத்தியம் மாறும், சொல் மாறாது

வணக்கம் ஐயா,

என் மகன் நான்கு ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறான். திருச்சி சங்கரன் மிருதங்கம், கஞ்சிரா (ஒரு முகம் மட்டும் உள்ள சிறு தோல்கருவி) இரண்டிலும் பெயர் பெற்று, கனடாவில் பேராசிரியராகவும் இருந்ததைப் படித்தவன் தானும் அப்படி ஆக வேண்டும் என்கிறான். கஞ்சிரா, கடம், மோர்சிங் மூன்றையும் இப்போதே தொடங்கலாமா? நல்ல கஞ்சிரா எங்கே கிடைக்கும்?

– ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

கஞ்சிராவை ஆசிரியர் தட்டிப் பார்த்து வாங்கித் தரட்டும். உடும்புத் தோல் வேண்டாம், சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல் போதும்.

பையனின் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கும் உங்கள் அவசரம்தான் பிடிக்கவில்லை. சங்கரன் வந்தது புதுக்கோட்டை வழியில், அதாவது அந்த ஊர்க் குருபரம்பரையின் வாசிப்பு முறையில். கஞ்சிராவுக்குக் கச்சேரியில் இடம் வாங்கித் தந்தவர் மான்பூண்டியா பிள்ளை. அந்த வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையும், சங்கரனின் குரு பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இரண்டு வாத்தியமும் வாசித்தவர்கள். அவர்களுக்கு இரண்டுக்கும் சொல், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு, ஒன்றுதான். அது வாயில் நின்றபிறகே கை மாறியது.

1971இல் டொராண்டோ போய் யார்க் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கர்நாடக இசைப் பாடகர் ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து கர்நாடக இசைப் பாடத்தை நிறுவிய சங்கரனுக்கு, எதிரே இருந்தவர்களில் பலர் தாளமே போட்டறியாதவர்கள். அங்கே கைவேகம் பாதி உதவியும் செய்யாது. வாயால் சொல்லி, எண்ணிக்கையாக எழுதி, பிறகு கையில் கொடுக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மகனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை; ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை, நடுவில் இரண்டு மாத்திரைக் கார்வை (இடைவெளி) இரண்டு: 5+2+5+2+5, மொத்தம் 19. சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தில், முடிய வேண்டுமானால் 13 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். அதாவது மூன்று அட்சரமும் ஒரு மாத்திரையும். முதலில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லட்டும். பிழை பெரும்பாலும் கார்வையில்தான் வரும். சும்மா இருக்கப் பொறுக்காத கை ஒவ்வொரு கார்வையிலும் ஒரு மாத்திரையைத் தின்றுவிடும்; சமத்துக்கு இரண்டு மாத்திரை முன்பே வந்து நிற்பான். அப்போது வேகத்தைக் குறைப்பதால் மட்டும் பயனில்லை. கார்வையை ‘தாம்’ என்று இரண்டு மாத்திரைக்கு நீட்டிச் சொல்ல வையுங்கள்.

இது பிசகாமல் வந்தபின் கஞ்சிரா. அங்கே மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் ஒரே தோலில், ஒரே கையில். பிடித்திருக்கும் கைவிரல் விளிம்போரம் தோலை அழுத்தி விட்டால்தான் தொப்பியின் கும்காரம், அதாவது வளைந்தெழும் கனத்த ஒலி, கிடைக்கும். உட்புறம் சில துளி நீர் தடவி ஊற விடுங்கள். அதிகமானால் தோல் தொய்ந்து நாதம் செத்துவிடும். குளிரூட்டிய அரங்கில் சீக்கிரம் காய்ந்து சுருதி ஏறும், மறுபடி தடவ வேண்டும். இதற்கே ஒரு வருடம் ஆகும்.

கடமும் மோர்சிங்கும் இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் அந்த 19 வந்ததா என்று எழுதுங்கள்.