படுத்து எடுத்த படத்தில் 15, நின்று எடுத்த படத்தில் 24: கிண்ணம் நகர்ந்துவிட்டதா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அறுவை முடிந்ததும் படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் செயற்கைக் கிண்ணத்தின் முன்நோக்குக் கோணம் 15 டிகிரி என்றார்கள். ஓராண்டு கழித்து நிற்கவைத்து எடுத்ததில் 24 டிகிரி என்கிறார்கள். வலி இல்லை. கிண்ணம் நகர்ந்துவிட்டதா?”

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. செயற்கை மூட்டின் பந்து பொருந்தும் அந்தக் கிண்ணம் பதிந்திருப்பது இடுப்பெலும்பில். அந்த எலும்போ உடலின் நிலைக்கேற்ப முன்னும் பின்னும் சாய்வது. படுத்திருந்தவர் எழுந்து நிற்கையில், அதிலும் வயதாகிக் கீழ்முதுகின் வளைவு தட்டையாகிவிட்டவராக இருந்தால், இடுப்பெலும்பு பெரும்பாலும் பின்பக்கம் சரிகிறது. ஒரு டிகிரி பின்சாய்வுக்கு, முன்நோக்குக் கோணம், அதாவது கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திறந்திருக்கும் கோணம், ஏறத்தாழ 0.7 டிகிரி கூடுகிறது. ஆகவே 13 டிகிரி பின்சாய்வே உங்களுடைய 9 டிகிரி வேறுபாட்டுக்குப் போதும்.

படத்தில் கிண்ணத்தின் விளிம்பு நீள்வட்டமாகத் தெரியும். அதன் குறுக்களவை நெட்டளவால் வகுத்துத்தான் இந்தக் கோணம் கணக்கிடப்படுகிறது. நெட்டளவு 52 மில்லிமீட்டர் என்றால், 15 டிகிரிக்குக் குறுக்களவு சுமார் 13.5 மில்லிமீட்டர், 24 டிகிரிக்குச் சுமார் 21. கிண்ணம் அசையாமலே இடுப்பெலும்பு சாய்ந்தால் இந்த நீள்வட்டம் அகன்றுவிடும். எக்ஸ்ரே கதிரின் மையம் இடுப்பின் நடுவில் இல்லாமல் மூட்டின் மேல் இருந்தாலும் சில டிகிரி மாறும்.

சாய்வு மாறியதா என்பதை அந்தப் படங்களிலேயே பார்க்கலாம். இரண்டையும் அருகருகே வைத்து, இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் உள்ள முட்டை வடிவத் துளைகளைக் கவனியுங்கள். பின்சாய்வு கூடிய படத்தில் அவை பெரிதாகத் தெரியும். வால் எலும்பின் மேல்முனைக்கும் முன்புறம் இரு இடுப்பெலும்புகளும் சேரும் இடத்துக்கும் உள்ள செங்குத்து இடைவெளி குறைந்திருக்கும். இவை மாறாதிருந்து கோணம் மட்டும் மாறியிருந்தால், அப்போதுதான் நான் கவலைப்படுவேன்.

மூட்டு நழுவாதிருக்க இந்தக் கோணம் எவ்வளவு இருக்கலாம் என்று 1978-இல் லெவின்னெக் என்ற மருத்துவரின் குழுவினர் முன்வைத்த 5 முதல் 25 டிகிரி என்ற பாதுகாப்பு எல்லைக்குள் உங்கள் இரு அளவுகளும் அடங்குகின்றன. ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தும் மூட்டு நழுவியவர்கள் உண்டு. காரணம், உட்காரும்போது நடப்பதை அது சொல்வதில்லை. நெகிழ்வான முதுகு உள்ளவர் உட்காரும்போது இடுப்பெலும்பு சுமார் 20 டிகிரி பின்சாய்ந்து, தொடை எலும்பின் கழுத்து முன்விளிம்பில் இடிக்காமல் கிண்ணம் வழிவிடுகிறது. கீழ்முதுகு எலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்த அசைவு குறைந்துபோவதால், மூட்டு பின்பக்கமாக நழுவும் வாய்ப்பு அதிகம். நீங்கள் அத்தகையவரானால், நின்றும் உட்கார்ந்தும் பக்கவாட்டில் படம் எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை பழைய படங்களையும் கொண்டுசென்று, முதலில் எடுத்ததைப் போலவே படுக்கவைத்தும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே நிலையில் எடுத்த இரு படங்களிலும் கோணம் தெளிவாக வேறுபட்டாலோ, கிண்ணத்தைச் சுற்றிக் கருங்கோடு அகன்றுகொண்டே வந்தாலோ, கவட்டையில் புதிதாக வலி தோன்றினாலோ, அறுவை செய்த மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள்.