இருபது வருஷத்து அரியர்

கேள்வி: 2001-ல் சேர்ந்தவர்கள்கூட விட்ட பேப்பரை எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் கதவைத் திறந்துவிட்டது. நாலே வருஷத்தில் முடித்தவனும் இருபது வருஷம் இழுத்தவனும் ஒன்றா? ஒழுங்காகப் படித்தவன் இளிச்சவாயனா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கோபம் சரி, ஆள்தான் மாறிப்போச்சு. 2020 ஆகஸ்டில், கொரோனாவைக் காட்டி, ஃபீஸ் கட்டியிருந்தாலே அரியர் பாஸ் என்று அன்றைய அரசு அறிவித்ததே, பிள்ளைகள் முதல்வருக்கு பேனர்கூட வைத்தார்களே, நீங்கள் இந்தக் கடிதத்தை அப்போது எழுதியிருக்க வேண்டும். 2021-ல் யாருக்கும் மார்க் தூக்கிக் கொடுக்கவில்லை. வழக்கமான தேர்வுக் கட்டணம் போக 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு, அக்கா பிள்ளை வயசுப் பசங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதினால்தான் உண்டு. இதில் உங்கள் பட்டம் எங்கே தேய்ந்தது?

நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டிவிட்டால், மற்ற எல்லாப் பேப்பரும் தேறி, எம்-3 என்கிற மூன்றாவது கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் நின்றாலும், காகிதத்தில் அவன் பிளஸ் டூதான். என் நண்பன் ஒருவன் அப்படி மாட்டினவன். சிவில். பதினைந்து வருஷமாக சைட்டில் நிற்கிறான், நேற்று சேர்ந்த இன்ஜினியருக்குக் கம்பி கட்டுகிற கணக்கைச் சொல்லிக் கொடுப்பது அவன், கையெழுத்தும் சம்பளமும் அந்தப் பையனுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் 'பி.இ.' என்று சொல்லி வைத்ததை மனைவியிடம் ஒப்புக்கொள்ளவே அவனுக்கு மூன்று வருஷமானது. (அந்த அம்மாவுக்கு முதல் மாதமே தெரியும், அது வேறு.)

இன்னொன்று. உங்களுக்கு இன்டர்னல் 20-க்கு 17, 18 என்று கல்லூரியே போட்டுக் கொடுத்திருக்கும். பல தடவை விழுந்தவருக்கு அது கணக்கில் வராது, பாஸ் மார்க் 50-ஐயும் பரீட்சைத் தாளிலேயே எடுத்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் அவர் தாண்டினது உங்களுடையதைவிட உயரமான வேலி.

எனக்குப் பல்கலைக்கழகத்தோடுதான் சண்டை. தேர்வு வைத்தார்கள், சரி, அப்புறம்? பழைய சிலபஸ் புத்தகம் பிளாட்பாரக் கடையிலும் கிடைக்காது, படித்த கல்லூரியையே சில பேருக்கு இழுத்து மூடியாகிவிட்டது, சந்தேகம் கேட்க ஆளில்லை. வாரக் கடைசியில் நாலு வகுப்பு எடுத்திருந்தால் அந்த 5,000-க்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

நண்பன் போய் எழுதினான். நரைத்த தாடியோடு ஹாலுக்குள் நுழைந்தவனைப் பறக்கும் படை என்று நினைத்து சூப்பர்வைசர் எழுந்து நின்றுவிட்டாராம். 53 மார்க். பாஸ்.