கோகோ கேயில் இறங்கலாமா?

கேள்வி: மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் கப்பலில் மகன் டிக்கெட் போட்டிருக்கிறான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் தனித்தீவான கோகோ கேயில் ஒரு நாள் நிற்குமாம். எனக்கு நீச்சல் தெரியாது. இறங்கினால் கூடுதல் செலவு ஆகுமா? பேசாமல் கப்பலிலேயே இருந்துவிடட்டுமா?

பதில்: தாராளமாக இறங்குங்கள், அம்மா. கப்பல் துறைமேடையை ஒட்டியே நிற்கும். சின்னப் படகில் மாறி ஏறும் அவஸ்தை இல்லை. தீவுக்குள் போய்வர இலவச வண்டி ஓடுகிறது. கடற்கரை நாற்காலி, குடை, மதியச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது ஒயாசிஸ் லகூன். பெரிய நன்னீர்க் குளம். ஓரம் மணற்கரை மாதிரி மெல்லச் சரிந்து இறங்கும். கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கும் கட்டணம் கிடையாது.

காசு கரைவது வேறு இடத்தில். 135 அடி உயரச் சறுக்கு உள்ள நீர்ப்பூங்கா, பெரியவர்களுக்கு மட்டுமான ஹைட்அவே பீச் இரண்டுக்கும் தனிக் கட்டணம், அதுவும் நாளுக்கு நாள் மாறும். பிள்ளைகள் நீர்ப்பூங்கா கேட்டால் கிளம்பும் முன்பே இணையத்தில் விலை பாருங்கள்.

ஒன்று மட்டும்: பஹாமாஸ் மக்களின் ஊர், சந்தை, சமையல் இங்கே கிடைக்காது. அதற்குத் தலைநகர் நசாவுவில் இறங்கி நடக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் கோகோ கே நிறுத்தத்தையே ரத்து செய்வதும் உண்டு. அப்புறம், மணல் கொதிக்கும், செருப்பை மறக்காதீர்கள்.