வாசகர் கேள்வி: எழுத்து மட்டும் தடுக்குகிறதே!

கேள்வி: மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு, வயது 9. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான், மனக்கணக்கும் போடுவான். புத்தகத்தைத் திறந்தால் ‘கொடி’ ‘கெடி’ ஆகிவிடுகிறது. சோம்பேறி என்கிறார்கள். யாரிடம் காட்டுவது?
– வாசகி, விருதுநகர்

பதில்: சோம்பேறித்தனம் இல்லை, அம்மா. காதில் விழுவதெல்லாம் புரிந்து, எழுத்து மட்டும் தடுக்கினால் டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். ‘கொ’வில் ஒரே ஒலிக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் காலைத்தான் அவன் தவறவிடுகிறான்.

முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். 18 வயது வரை இலவசம். போகும்போது பழைய நோட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். அழகாகத் திருத்தி எழுதியவை வேண்டாம், பிழையோடு இருப்பவைதான் உதவும். சோதனை தமிழிலும் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலப் பழக்கம் இல்லாததே குறைபாடு போலத் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு உங்கள் பகுதியில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும், நகருக்குள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் உள்ளன. மாத்திரை, வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். டிஸ்லெக்சியாவை அவை சரிசெய்வதில்லை.

வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும். ெ, க, ா மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, ‘கெ’ வைக்கச் சொல்லுங்கள். காலைச் சேர்த்ததும் ‘கொ’ என்று உரக்கச் சொல்லட்டும். பிறகு மணலில் விரலால் எழுதட்டும். ஒரு வரிசை கைவந்த பிறகே அடுத்தது. ண, ன, ந மூன்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் குழம்பிப்போவான்.

பாடங்களைக் காதால் கேட்க, ஆண்ட்ராய்டு போனின் அணுகல்தன்மை அமைப்பில் உள்ள ‘செலக்ட் டு ஸ்பீக்’ வசதியைத் தமிழ்க் குரலில் வைத்து, வேகத்தைக் குறையுங்கள். சில பி.டி.எஃப்.கள் யூனிகோட் (எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் இருப்பதால் குரல் உளறும். அப்போது அச்சுப் பக்கத்தை கூகுள் லென்ஸில் படமெடுத்து வாசிக்க வையுங்கள்.

கேள்வி: கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் சலுகை இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யூ.டி.ஐ.டி.) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 8 வயதுக்கு முன் சான்று தருவதில்லை. 14 வயதில் மறுசோதனை உண்டு என்பதால் பழைய தாளை நம்பியிருக்க வேண்டாம். மூன்று மணி நேரப் பொதுத்தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். எழுதுபவரோடு நான்கைந்து மாதிரித் தேர்வாவது பழக வேண்டும். கணக்கின் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்வது தனிப் பழக்கம். அது இல்லாத பிள்ளைகள் விடை தெரிந்தும் தேர்வறையில் திணறுகிறார்கள்.