வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்குமா?

கேள்வி: அக்கா, மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் ஆறு வருஷமாக நெல் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை, ஆனால் எனக்குப் பேச வராது. எனக்குப் பின்னால் வந்தவரை இப்போது சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். முதலாளி காரில் ஏறும்வரை கூடவே பேசிக்கொண்டு போவார் அவர். போன சம்பாவில் ஒரு லோடு நெல்லுக்கு ஈரம் பார்க்கும் மெஷின் 21 சதவீதம் காட்டியது, நோட்டில் எழுதி வைத்தேன், யாரும் கேட்கவில்லை. அப்புறம் அரிசி பழுப்பேறியதும் பழி என்மேல் விழுந்தது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்கிறார் அம்மா. என் குணத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பேச்சுத் திறமை வகுப்பு என்று யாராவது பணம் கேட்டாலும் கட்டிவிடாதீர்கள்.

முர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எந்தக் குணம் உள்ளவர்கள் வேலையில் நன்றாக வருகிறார்கள் என்று அதுவரை வெளியான நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 1991-இல் எழுதினார்கள். எடுத்த காரியத்தைப் பொறுப்பாக முடிக்கிற குணம்தான் அவர்கள் பார்த்த எல்லா வகை வேலையிலும் கைகொடுத்தது. அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. கலகலப்பாகப் பழகுவது விற்பனையிலும் ஆட்களை நிர்வகிக்கும் வேலையிலும்தான் உதவியது. சூப்பர்வைசர் வேலை இந்த இரண்டாவது வகை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தை மாதம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது லோடுமேன்கள் கூலி உயர்த்தக் கேட்பார்கள், புரோக்கர் எடையில் சண்டை போடுவார், டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். அந்த இடத்தில் நிற்க உங்களுக்கு உண்மையிலேயே ஆசையா, இல்லை அவருக்குக் கிடைத்ததே என்ற ஆதங்கமா? கடிதத்தைப் படித்தால் ஆதங்கம் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் அந்த 21 விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். அரசு கொள்முதல் நிலையத்திலேயே 17 சதவீத ஈரம்தான் வரம்பு, மழை வருஷத்தில் அதைத் தளர்த்தச் சொல்லித்தான் டெல்டா முழுக்கக் கோரிக்கை எழும். காயாத மூட்டையை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்டால் உள்ளே சூடேறி அரிசி பழுப்பாகும் என்பது ஆறு வருஷம் நெல்லோடு இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் நோட்டில் எழுதிவிட்டு 'யாரும் கேட்கவில்லை' என்றால் எப்படி? உங்கள் நோட்டை முதலாளி எதற்காகத் திறக்கப் போகிறார்? "முதலாளி, இந்த லோடு 21 இருக்கு, இன்னைக்கே களத்துல கொட்டிக் காய வைக்கணும், இல்லேன்னா விலையைக் குறைச்சு எடுக்கணும், எது செய்யட்டும்?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இதற்குக் கூடவே நடந்து போக வேண்டியதில்லை, போன் போதும். நேரில் சொல்லத் தயங்கினால் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, கீழே இதையே எழுதுங்கள். பொறுப்பு என்பதில் இதுவும் சேர்த்திதான்.

அப்புறம், அந்த சூப்பர்வைசரைக் காக்காய் பிடிப்பவர் என்றே முடிவு கட்டாதீர்கள். கார் வரைக்கும் நடக்கும்போது எந்த வியாபாரி என்ன விலை கேட்கிறார், எந்த லாரி இன்னும் வரவில்லை என்றும் சொல்கிறாரோ என்னவோ. அப்படியென்றால் முதலாளிக்கு அது தேவைதானே. (வெறும் புகழ்ச்சியாகவும் இருக்கலாம், அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

உங்களுக்குப் பேச வராவிட்டால் கணக்கைப் பேச விடுங்கள். அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அளவுகோலாக வைத்து, போன சீசனில் எந்தப் புரோக்கர் கொண்டுவந்த நெல்லில் எத்தனை கிலோ அரிசி கண்டது, குருணை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஆறு வருஷ நோட்டு கையில் இருக்கும் உங்களால்தான் அதைச் செய்ய முடியும். எந்த நெல்லில் காசு ஒழுகுகிறது என்று தெரிந்தால் எந்த முதலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

தை அறுப்பு ஆரம்பித்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது, அதனால் மார்கழிக்குள் போய்விடுங்கள். தாளைக் காட்டிவிட்டு, ஈரமும் தரமும் பார்க்கும் முழுப் பொறுப்பையும், தேவைப்பட்டால் லோடைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும், அதற்கேற்ற சம்பளத்தையும் சேர்த்தே கேளுங்கள். எவ்வளவு சம்பளம் என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள், "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்க்கலாம் என்று இழுத்தால் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியும் தாண்டிவிட்டால், அதே தாளை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆலைகளில் விசாரியுங்கள்.